உப்புக்கு ஒரு வாகன்

திருத்துறைப்பூண்டியில் வண்டி மாறித் தெற்கு நோக்கிப் பிரயாணம் செய்கிறவர், வேதாரண்யத்தில் கூட்டமெல்லாம் இறங்கிப்போன பின்பும் தம் இடத்தை விட்டு எழாமல் இன்னும் சிறிது நேரம் பொறுத்திருந்தால், தண்டவாளம் முடிகிற அகஸ்தியன்பள்ளியை அடைவார். அகத்தியர் பெயரால் சிவாலயம் விளங்கும் பழைய ஸ்தலம் அது. ஆயினும் இறங்கியவர் கண்ணில் முதலில் படுவது கோபுரமன்று, உப்பளம். பாத்திகளில் வாரிக் கரையில் குவித்த உப்பு அம்பாரங்கள் சித்திரை வெயிலில் கண்ணைக் கூச வைக்கின்றன.

1930-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து புறப்பட்ட தொண்டர்கள், அவர்களுக்குச் சோறோ நிழலோ கொடுப்பவர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை ஜில்லா கலெக்டர் தோர்ன் எச்சரித்திருந்தும், கிராமத்தார் இரவோடிரவாக மரக்கிளைகளில் கட்டிவைத்த சோற்றுப் பொட்டலங்களால் பசியாறி, வேதரத்தினம் பிள்ளை வரவேற்க வேதாரண்யம் சேர்ந்து, அம்மாதம் 30-ஆம் தேதி சட்டத்தை மீறி உப்பள்ளிய இடம் இந்த அகஸ்தியன்பள்ளியே. நாவிதர் வைரப்பனையும் இங்கே நினைக்க வேண்டும். தம் முன் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியை மடக்கி வைத்துவிட்டுச் சிறை சென்றவர் அவர். ராஜாஜி ஒரு பிடி உப்பை அள்ளினார். இவர் அரை முகத்தை மழிக்காமல் விட்டார். இரண்டில் எது பெரிது என்று என்னைக் கேட்டால், சற்று யோசித்தே பதில் சொல்வேன்.

ஒரு காலத்தில் கோடியக்கரை வரையில் நீண்டிருந்த இந்த மீட்டர்கேஜ் பாதை, பிற்பாடு அகஸ்தியன்பள்ளியோடு குறுகி, அதுவும் நின்று, பதினைந்து வருஷங்களுக்கு மேல் வண்டியின் சப்தமே இல்லாமல் கிடந்தது. இடையில், 2018 நவம்பரில் கஜா புயல் கடற்சேற்றை வாரி உப்பளங்களின்மேல் கொட்டிற்று. பிறகு 37 கிலோமீட்டர் தூரத்தையும் 294 கோடி ரூபாய் செலவில் அகலப்பாதையாக்கி, 2023 ஏப்ரல் 8-ஆம் தேதி திறந்து வைத்தார்கள். அன்று பிரதானமாகச் சொல்லப்பட்ட பிரயோஜனங்களில் ஒன்று, இவ்வூர் உப்பு சுலபமாக வெளியூர் போகும் என்பது.

நான் கண்டவரையில் உப்பு லாரியிலேதான் போகிறது. காரணம் ரகசியமன்று. இன்றைய சரக்கு ரயில் என்பது நாற்பதுக்கு மேற்பட்ட வாகன்களின் கோவை. அதை ஒரே வீச்சில் நிரப்பிக் கொடுக்கப் பெரிய கம்பெனிகளால் இயலும், சில ஏக்கர் பாத்தியை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்திருக்கும் சிறு உற்பத்தியாளரால் இயலாது. உப்பு இரும்பை அரிக்கும் பண்டம், வாகன்களுக்குச் சேதம் விளைக்கும் என்ற ஆட்சேபமும் உண்டு. அது வாஸ்தவமே; ஆனால் குஜராத்தின் கச் பிரதேசத்து உப்பு அதே இரும்பு வாகன்களில்தானே வட இந்தியா முழுவதும் போய்ச் சேருகிறது? பலருடைய சரக்கை ஒன்று சேர்த்து இரண்டு மூன்று வாகன்களிலேனும் ஏற்றிவிடவும், மழை வந்தால் நனையாமல் வைத்திருக்க ஒரு கொட்டகை போடவும் ரயில்வே நிர்வாகம் மனம் வைக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். உப்பின் பேரைச் சொல்லிப் போட்ட பாதையில் உப்புக்கு இடமில்லை என்றால், பாதை போட்டவர்களுக்கு அது அழகன்று.

வாருபலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஸ்டேஷன் ஓரமாக நின்ற ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். குதிகாலிலே வெடிப்பு, வெடிப்புக்குள்ளே உப்பு.

"உப்பு ரோட்டுல போவுதுங்க ஐயா, ரயிலுல நாங்கதான் போறோம்" என்றார்.

திரும்பி வருகையில் வழியில் ஒரு லெவல் கிராசிங். கேட்டுக்கு அப்பால், தார்ப்பாய் போர்த்திய உப்பு லாரி ஒன்று, பாதிக்கு மேல் காலியாக இருந்த எங்கள் வண்டி கடந்து போவதற்காகக் காத்து நின்றது.