தூங்காமல் இருப்பதற்குப் பெயர் பாசமா?

இந்தியாவில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டக்கூடாது. ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவில் கேஸ். இது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேருக்குத் தெரியாத இன்னொரு கணக்கு இருக்கிறது. 1997-இல் டாசன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தூக்கமின்மையையும் குடிபோதையையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் ஏறியவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 100 மில்லிகிராமுக்குச் சமம். அதாவது சட்டம் அனுமதிக்கும் அளவைப்போல மூன்று மடங்குக்கும் மேல்!

சரி, இப்போது ஒரு கேள்வி. பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பாவோடு ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு, காலை ஆறு மணிக்கு இன்சுலின் சிரிஞ்சில் யூனிட் கோடு பார்த்து மருந்து ஏற்றுகிறாளே ஒரு மகள், அவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? எந்த போலீஸும் அவளை நிறுத்தி ஊதச் சொல்லப் போவதில்லை. பார்க்க வரும் சொந்தக்காரர்கள், "மகள்னா இவள்தான் மகள்" என்று சொல்லிவிட்டு, அவள் போட்டுக் கொடுத்த காபியையும் குடித்துவிட்டுப் போவார்கள்.

பிரச்சனையே அந்தப் பாராட்டில்தான் இருக்கிறது.

பாராட்டு என்ற பூட்டு

பெற்றோரைப் பற்றிப் பேச்சு வந்தால் தமிழ்நாடு உடனே உருகிவிடும். மேடை கிடைத்தால் பட்டிமன்றம், கிடைக்காவிட்டால் வாட்ஸ்அப் ஃபார்வர்டு. "முதியோர் இல்லங்கள் பெருகுவது சமூகத்தின் அவமானம்" என்ற தலைப்பில் பேச்சுப் போட்டி நடத்தாத கல்லூரி குறைவு. அந்தப் பேச்சுகளில் எப்போதும் இரண்டே பாத்திரங்கள். ஒன்று கைவிடப்பட்ட தாய். இன்னொன்று கல்நெஞ்சுக்கார மகன்.

மூன்றாவதாக ஓர் ஆள் இருக்கிறார். கைவிடாதவர். வீட்டிலேயே வைத்து, மலம் அள்ளி, வாயில் கஞ்சி ஊட்டி, ராத்திரி நான்கு தடவை எழுந்து பாத்ரூமுக்குக் கூட்டிப் போகிறவர். அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர் 'நல்ல பிள்ளை' லிஸ்டில் சேர்ந்துவிட்டார், ஃபைல் குளோஸ்.

அந்த லிஸ்டில் ஒருமுறை சேர்ந்துவிட்டால் "என்னால முடியலை" என்று வாய் திறக்க முடியாது. திறந்தால் அடுத்த நிமிடமே கல்நெஞ்சு லிஸ்டுக்கு மாற்றப்படுவார். ஆகவே பாராட்டு இங்கே பூட்டாக வேலை செய்கிறது. நாலு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, அவர் வாயையும் அடைக்க இதைவிடச் செலவில்லாத வழி கிடையாது.

உடனே ஒரு அஸ்திரம் வரும். "சின்ன வயசுல உன்னை அவங்க ராத்திரி பகலா தூங்காம பார்த்துக்கலையா?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒப்பீடு தப்பு. பிறந்த குழந்தை மூன்று கிலோ. பெரியவர் அறுபது கிலோ. குழந்தை மாதத்துக்கு மாதம் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கும், ஒரு வருடத்தில் நடக்கும். டிமென்ஷியா வந்த அம்மா மாதத்துக்கு மாதம் எதிர்த் திசையில் போவார். குழந்தையை வளர்க்கிறவருக்கு வயது இருபத்தைந்து, கூட மாமியாரோ அம்மாவோ இருப்பார். முதியவரைப் பார்க்கிறவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும், அவருக்கே பிரஷர் மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும். முக்கியமாக, குழந்தை விஷயத்தில் இது எப்போது முடியும் என்று தெரியும். இங்கே முடிய வேண்டும் என்று நினைப்பதே பாவம் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

மூன்றரை ஆள் வேலை

பாசத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாரத்துக்கு 168 மணி நேரம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஒரு தொழிலாளிக்கு வாரம் 48 மணி நேரம் என்று உச்சவரம்பு வகுத்தது. 168-ஐ 48-ஆல் வகுத்தால் மூன்றரை. படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரை 24 மணி நேரமும் கவனிக்க ஒரு கம்பெனி ஆள் போட்டால் மூன்றரை ஆள் போட வேண்டும், வார லீவும் கொடுக்க வேண்டும். வீட்டில் இதை ஒரே ஆள் செய்கிறார். சம்பளம் பூஜ்யம். லீவு பூஜ்யம்.

அந்த ஒரு ஆள் யார் என்பதும் பெரும்பாலும் முன்பே முடிவான விஷயம். மருமகள், இல்லாவிட்டால் கல்யாணமாகாத மகள். மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பார்க்கலாம். வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் சம்பளமில்லாத வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 134 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 76 நிமிடம். (இது குழந்தைகளையும் சேர்த்த கணக்கு.) சமையல், துவையல் போன்ற வீட்டு வேலை தனி. அதில் பெண்களுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97. "அம்மாவை நாங்கதான் வெச்சுப் பார்த்துக்கறோம்" என்று ஒரு மகன் பெருமையாகச் சொல்லும்போது, அந்த 'நாங்க'வுக்குள் யாருடைய தூக்கம் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

இந்த உழைப்பு எதுவும் ஜிடிபியில் வராது. பொருளாதார அறிஞர் பிகூ 1920-லேயே இதைக் கிண்டலடித்தார். ஒருவர் தன் வீட்டு வேலைக்காரியைக் கல்யாணம் செய்துகொண்டால் தேசிய வருமானம் குறைந்துவிடும் என்றார். அதே வேலை, அதே வீடு, சம்பளம் மட்டும் நின்றுபோகிறது. நூறு வருடம் ஆகியும் அந்த ஜோக் பழசாகவில்லை. ஹோம் நர்ஸ் செய்தால் சேவைத் துறை, மகள் செய்தால் கடமை!

"அந்தக் காலத்துல எல்லாரும் பார்க்கலையா?"

பார்த்தார்கள். ஆனால் அந்தக் காலத்தில் வீட்டில் ஐந்தாறு பிள்ளைகள், அவர்களின் மனைவிமார், விதவை அத்தை, பக்கத்து வீட்டு ஆயா. ஒருவர் தூங்கினால் இன்னொருவர் விழிப்பார். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். அதில் ஒன்று பெங்களூரில், இன்னொன்று வெளிநாட்டில்.

அந்தக் காலத்தில் பக்கவாதமோ சிறுநீரகச் செயலிழப்போ வந்தவர் வருடக்கணக்கில் படுக்கையில் இருக்கவில்லை, சீக்கிரம் போய்விட்டார். இன்று மருத்துவம் உயிரைக் காப்பாற்றிக் கொடுக்கிறது. நல்லதுதான். ஆனால் காப்பாற்றிக் கொடுத்த உயிரை வீட்டில் அடுத்த எட்டு வருடம் யார் பார்ப்பது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதப்படுவதில்லை.

சட்டம் யார் பக்கம்?

2007-இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் வந்தது. தேவையான சட்டம். பொறுப்பில் உள்ளவர் முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது அரசு அமைக்கலாம், குறைந்தது 150 பேர் தங்கும்படி, என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஓடிப்போகிறவனுக்குத் தண்டனை இருக்கிறது, நியாயம். ஓடாமல் நின்று பார்க்கிறவருக்கு என்ன இருக்கிறது? சட்டத்தைத் தேடிப் பார்த்தால் ஒரு நாள் ஓய்வுக்குக்கூட வழியில்லை.

மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்குக் குழந்தை வளர்ப்புக்காக 730 நாள் விடுப்பு 2008-இல் வந்தது. வரவேற்க வேண்டியதுதான். பெற்றோரைப் பராமரிக்க அதுபோலத் தனி விடுப்பு கிடையாது, இருக்கிற விடுப்பில்தான் கழித்துக்கொள்ள வேண்டும். தனியார் கம்பெனிகளைக் கேட்கவே வேண்டாம். ஜப்பானில் 2000-இல் இருந்து முதியோர் பராமரிப்புக் காப்பீடு இருக்கிறது, 40 வயதிலிருந்து எல்லோரும் பிரீமியம் கட்டுகிறார்கள். குடும்பத்தில் ஒருவரைப் பராமரிக்க 93 நாள் விடுப்பும் உண்டு. ஜெர்மனியில் இதுபோன்ற காப்பீடு 1995-இல் வந்தது. வீட்டில் பார்த்துக்கொள்பவர் ஓய்வெடுக்கப் போனால் மாற்று ஆளுக்கான செலவை அது ஏற்கிறது. அங்கெல்லாம் பாசம் குறைவு என்று இங்கே கிண்டலடிப்பவர்கள் உண்டு. பாசம் குறைவோ அதிகமோ, பார்க்கிறவருக்கும் தூக்கம் வேண்டும் என்பதை அவர்கள் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் ஏன்? கேரளாவில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண இயக்கம், அக்கம்பக்கத்துத் தொண்டர்கள் வீடு தேடிப் போகும் வலையமைப்பாக வளர்ந்தது. 2008-இல் மாநில அரசே அதற்கென்று கொள்கை வகுத்தது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மாத்திரையோடு பிசியோதெரபியையும் வலிநிவாரணச் சேவையையும் வீட்டுக்குக் கொண்டுவந்தது. நல்ல ஆரம்பம். அதே ஆள் வீட்டுக்குள் வரும்போது நோயாளியின் பிரஷரைப் பார்ப்பதோடு, பக்கத்தில் கண் சிவந்து நிற்பவரின் பிரஷரையும் பார்த்தால் என்ன?

இது வெறும் ஆதங்கம் இல்லை. 1999-இல் ஷுல்ஸ், பீச் என்பவர்கள் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கைத் துணையைப் பராமரித்து அதனால் மன அழுத்தம் அடைந்த முதியவர்கள், பராமரிப்புப் பொறுப்பு இல்லாதவர்களைவிட நான்கு ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு 63 சதவீதம் அதிகமாக இருந்தது. அழுத்தம் இல்லாமல் பராமரித்தவர்களிடம் அந்த அளவு வித்தியாசம் தெரியவில்லை. உதவியில்லாமல் பார்ப்பதுதான் ஆபத்து என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"யோகா பண்ணுங்க, சரியாயிடும்"

அடுத்த கூட்டம் அட்வைஸ் கூட்டம். மூச்சுப்பயிற்சி செய், பாட்டுக் கேள், ராத்திரி மொபைல் பார்க்காதே. எல்லாம் நல்ல பழக்கங்கள்தான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா கட்டிலிலிருந்து இறங்கி விழப்போகிறார் என்ற பயத்தில் விழித்திருப்பவருக்கு இருப்பது தூக்க வியாதி இல்லை. அவர் டியூட்டியில் இருக்கிறார். வாட்ச்மேனிடம் போய் "ஏன் தூக்கம் வரலை?" என்று கேட்பதுபோல இருக்கிறது இந்த அட்வைஸ்.

அப்படியானால் வழி? நோயாளியின் இரவை முதலில் சரி செய்ய வேண்டும். பார்க்கிறவரின் தூக்கம் அங்கேதான் தொலைகிறது.

1. ராத்திரி அடிக்கடி சிறுநீர் போகிறதா? நீர் பிரியும் மாத்திரையைச் சாயங்காலம் கொடுத்துக்கொண்டிருக்கலாம். காலைக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். கட்டில் பக்கத்தில் கமோடு சேரோ யூரின் கேனோ இருந்தால் பாதி நடை மிச்சம்.

2. பகலெல்லாம் தூங்கினால் ராத்திரி விழிப்புத்தான். பகலில் வெளிச்சத்தில் உட்கார வைப்பது, பேச்சுக் கொடுப்பது, மதியத் தூக்கத்தைச் சுருக்குவது உதவும்.

3. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் திடீரென்று ராத்திரியில் உளறி, ஆளை அடையாளம் தெரியாமல் கத்தினால் அதை "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடக்கூடாது. சிறுநீர்த் தொற்றுகூடக் காரணமாக இருக்கலாம். உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

4. படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடச் சொல்வார்கள். ஒரே ஆள் அலாரம் வைத்து வருடக்கணக்கில் இதைச் செய்ய முடியாது. ஏர் பெட் போட்டால் இரவில் இடைவெளியைக் கூட்டலாமா என்று டாக்டரிடமோ நர்ஸிடமோ கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

5. அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை மகன் போட்டுக்கொள்வது பல வீடுகளில் நடக்கிறது. அல்பிரசோலம் போன்றவை பழகிவிடும், நிறுத்துவது கஷ்டம். ராத்திரி அப்பா கூப்பிட்டால் எழுந்திருக்கவும் முடியாது.

ஆறாவதுதான் முக்கியம், அது மருந்துக் கடையில் கிடைக்காது. வாரத்தில் இரண்டு ராத்திரியாவது வேறு ஒருவர் டியூட்டி. அண்ணன், தம்பி, அக்கா எல்லோரும் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் ஷிப்ட் எழுத வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் நேரில் வர முடியாவிட்டால் இரவு ஹோம் நர்ஸுக்கான பணத்தைக் கொடுக்கட்டும். வீடியோ காலில் வந்து "அம்மாவுக்கு ஏன் இளைச்சுப் போச்சு?" என்று விசாரிப்பது பங்களிப்பு ஆகாது. சொத்தைச் சமமாகப் பிரிக்கத் தெரிந்த குடும்பத்துக்கு ராத்திரியைப் பிரிக்கத் தெரியாதா என்ன?

"அப்போ முதியோர் இல்லத்தில் சேர்க்கச் சொல்கிறீர்களா?" என்று சிலர் பாயலாம். சில வீடுகளில் அதுவும் சரியான முடிவுதான். பல வீடுகளில் தேவையே இல்லை. ஆனால் அதை முடிவு செய்யும் உரிமை ராத்திரி விழிக்கிறவருக்கு உண்டு, காபி குடிக்க வருகிறவருக்குக் கிடையாது.

தூங்கி எழுந்தவர் கையில்தான் ஊசி நடுங்காது. தூங்கி எழுந்தவர்தான் ஒரே கேள்வியைப் பதினெட்டாவது தடவை கேட்கும் அம்மாவிடம் எரிந்து விழாமல் பதில் சொல்வார். ஆகவே பார்க்கிறவரின் தூக்கம் சுயநலம் கிடையாது. அது நோயாளிக்கான மருந்துப் பட்டியலில் முதல் வரியாக இருக்க வேண்டியது. அடுத்த முறை உடம்பு சரியில்லாத பெரியவர் இருக்கும் வீட்டுக்குப் போகிறவர்கள் ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்க வேண்டாம். "இன்னிக்கு ராத்திரி நான் இருக்கேன், நீ போய்த் தூங்கு" என்று சொல்லிப் பாருங்கள்.

பி.கு: முதியோருக்கான இலவச உதவி எண் 14567. முதியவர்கள் மட்டுமல்ல, அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் கூப்பிடலாம்.