குடல் கதவின் சாவி யாரிடம்?

குடலின் உட்சுவர், ஒரே ஒரு செல் அடுக்கால் ஆனது. ஒருபக்கம் உணவும் கோடானுகோடி பாக்டீரியாக்களும், மறுபக்கம் ரத்தக்குழாய்கள். இவ்வளவு மெல்லிய சுவரைத் தாண்டிக் கிருமிகள் ஏன் புகுந்துவிடுவதில்லை?

பக்கத்துப் பக்கத்து செல்களை இறுக்கிப் பிணைக்கும் புரதங்கள்தான் காரணம். அவற்றில் ஆக்லூடினை 1993-லும், கிளாடினை 1998-லும் ஜப்பானின் ஷோய்சிரோ ட்சுகிதா குழுவினர் கண்டறிந்தனர். இந்தப் பிணைப்பு சிமென்ட் பூச்சு அல்ல; திறந்து மூடும் கதவு.

சாவி, பாஸ்பேட் எனும் சின்னஞ்சிறு மூலக்கூறு. செல்லின் விளிம்பைச் சுற்றி, சுருக்குப்பைக் கயிறு போல மயோசின் புரத இழைகள் இருக்கின்றன. ஒரு நொதி மயோசின் மீது பாஸ்பேட்டை ஒட்டினால் கயிறு சுருங்கும், பிணைப்பு தளரும். இன்னொரு நொதி அதை நீக்கினால், பிணைப்பு மீண்டும் இறுகும்.

சாப்பிட்டபின் குளுக்கோஸ் உறிஞ்சப்படும்போது கதவு கொஞ்சம் திறக்கும். அது நல்லதே. ஆனால், குரோன் நோய் போன்ற குடல் அழற்சியில், டி.என்.எஃப் எனும் புரதம் ஒட்டும் நொதியைப் பெருக்கிவிடுகிறது. கதவு சரியாக மூடாமல் நீர் கசிய, வயிற்றுப்போக்கு வருகிறது. டி.என்.எஃப்-ஐத் தடுக்கும் மருந்தால் அழற்சி தணியும்போது சுவரும் தேறுகிறது.

அந்த நொதியையே முடக்கிவிடலாமே? முடியாது. குடல் தசைகள் சுருங்கி உணவைத் தள்ளவும் அதே நொதி வேண்டும்!