இறுக்க இறுக்க ஒழுகும் பாஸ்!

ஏலகிரி மலைப் பாதை. மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவு. எங்க மாமாவோட பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஜம்முனுதான் ஏறிச்சு. ஒன்பதாவது வளைவுல திரும்பும்போது டேஷ்போர்டுல ஆயில் லைட் கண்ணடிச்சது. நேர் ரோட்டுக்கு வந்ததும் கப்சிப். அடுத்த வளைவுல மறுபடியும்! 'ஒயர் லூஸா இருக்கும்டா'ன்னார் மாமா. 'வண்டியை ஓரங்கட்டுங்க மாமா'ன்னு சொல்லி டிப் ஸ்டிக்கை உருவினேன். நுனியில லேசா ஈரம்... அவ்வளவுதான்!

சம்ப்ல ஆயில் குறைஞ்சா, வளைவுல மிச்ச ஆயிலும் ஒரு பக்கமா ஒதுங்கிடும். பம்ப் வெறும் காத்தை உறிஞ்சும். பேரிங் வறண்டு போகும். இன்னும் நாலு வளைவு போயிருந்தா என்ன ஆகியிருக்குமோ!

'வாராவாரம் சம்ப் போல்ட்டை இறுக்கிக்கிட்டுத்தானேடா இருக்கேன்?'னு பரிதாபமா கேட்டார் மாமா. அங்கதாங்க பிரச்னையே!

'ஹெரால்டுக்கு இவ்வளவு பில்டப்பா?'ன்னு சிரிக்கிறவங்களுக்கு ஒரு தகவல். 1961-ல இருந்து நம்ம மெட்ராஸ்ல தயாரான வண்டி இது. 1962-ல பிரிட்டன்ல வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார், இதே ஹெரால்டோட சேஸிஸைக் குட்டையாக்கிப் பண்ணினதுதான். இங்க 948 சிசி, அங்க 1147 சிசி... ஆனா ஒரே குடும்பத்து இன்ஜின். ஒழுகுற வியாதியும் ஒண்ணுதான்! தயாரிச்ச கம்பெனி எப்பவோ மூடியாச்சு. இன்ஜின் போச்சுன்னா கடையில போய் இன்னொண்ணு வாங்க முடியாது.

ஆம்பூர்ல ஒரு ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டு போனோம். 'நம்மூர்ல இல்லாத தோலா? கேஸ்கட்டைத் தோல்லயே வெட்டிடலாமே பாய்?'னு கேட்டு வெச்சேன். பாய் சிரிச்சுட்டார். 'கைப்பம்புல தோல் வாஷர் நிக்கும் தம்பி, அது பச்சைத் தண்ணி. சூடான ஆயில்ல தோல் சுருங்கி வெறைச்சுக்கும்.' ஆனா கார்க் ஷீட்ல ஓட்டை போட அவர் எடுத்தது, ஷூ வேலைக்காரங்க தோல்ல ஓட்டை போடுற அதே பஞ்ச்தான்!

அன்னிக்கு பாய்கிட்ட படிச்ச பாடம் இதோ...

முதல்ல திருடனைப் பிடி! சம்ப்தான் இன்ஜினோட அடிமட்டம். வால்வு கவர்ல கசிஞ்சாலும், ஃபில்டர்ல கசிஞ்சாலும் ஆயில் அங்க வந்துதான் சொட்டும். இன்ஜினை நல்லா கழுவிக் காயவெச்சு, டால்கம் பவுடர் தூவி, பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்க. பவுடர்ல கறுப்புக் கோடு எங்க ஆரம்பிக்குதோ, அங்கதான் ஓட்டை.

மூச்சு விட விடு! பிஸ்டனைத் தாண்டி கொஞ்சம் வாயு கீழே இறங்கத்தான் செய்யும். அது வெளியேறுற பிரீதர் பைப் அடைச்சுக்கிட்டா, உள்ளே அழுத்தம் ஏறி ஆயிலை சந்து பொந்தெல்லாம் தள்ளும். புது கேஸ்கட் போட்டும் ஒழுகுதா? இதைப் பாருங்க.

பலத்தைக் காட்டாதே! சம்ப் வெறும் தகடு. ஓவரா இறுக்கினா போல்ட் ஓட்டையைச் சுத்தி குழிவிழும், நடுவுல விளிம்பு தூக்கிக்கும், கார்க் பிதுங்கிக் கிழியும். மாமா வண்டியில அதேதான்! பாய் சம்ப்பைக் கழட்டி, விளிம்பை மரக்கட்டை மேல வெச்சு சுத்தியால பதமா தட்டி நேராக்கினார். பழைய கேஸ்கட் பிசிறைச் சுரண்டி எடுத்துட்டு, புதுசை வெச்சு, நடுவுல ஆரம்பிச்சு எதிரெதிரா, மூணு சுத்துல கொஞ்சம் கொஞ்சமா இறுக்கினார். கார்க் லேசா அமுங்கினதும் ஸ்டாப்!

மரை பத்திரம்! இன்ஜின் முன்பக்கம் சம்ப் உட்கார்ற இடத்துல பாலம் மாதிரி ஒரு அலுமினியத் துண்டு உண்டு. அதோட ரெண்டு முனையிலும் மர ஆப்பு. ஆமாங்க, மரமேதான்! அது உளுத்துப்போனா ஒழுகும். மெத்து அலுமினியத்துல இரும்பு போல்ட்டை முறுக்கினா மரையும் காலி. மாமா ரெண்டு மரையைக் காலி பண்ணியிருந்தார். பாய் அதுல ஸ்டீல் இன்செர்ட் போட்டு சரிபண்ணினார்.

கோட்டைத் தாண்டாதே! இந்த இன்ஜின்ல கிராங்க் ஷாஃப்ட் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது. ஒரு சுருள் பள்ளம்தான், சுத்தும்போது ஆயிலை உள்ளே தள்ளி விடும். 'எப்படியும் ஒழுகும்'னு டிப் ஸ்டிக் மேல்கோட்டைத் தாண்டி ஊத்தினா, பின்பக்கமா கசியும். எவ்வளவு இருக்குன்னு வாரம் ஒரு தடவை பார்த்தாலே போதும்.

ரெண்டு எச்சரிக்கை. வெறும் ஜாக்கை நம்பி காருக்கு அடியில படுக்காதீங்க, ஸ்டாண்டு வெச்சே ஆகணும். அப்புறம், வடிச்ச பழைய ஆயிலைச் சாக்கடையில ஊத்தாதீங்க. மண்ணுல இறங்கினது எங்க திரும்பி வரும்னு பாலாத்துக் கரைக்காரங்களுக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டாம்!

இப்போ தினமும் ராத்திரி காருக்கு அடியில பழைய பேப்பர் விரிச்சு வெச்சு, காலையில எழுந்ததும் அதைத்தான் முதல்ல பார்க்கிறார் மாமா. மூணு வாரமா ஒரு பொட்டு இல்லை. 'ஒரு தடவை இறுக்கிப் பார்த்துடட்டுமா?'ன்னு நேத்துகூட போன்ல கேட்டார்.

வாய்ப்பே இல்லை மாமா. உங்க ஸ்பேனர் செட் என் ஹாஸ்டல் ரூம்ல பத்திரமா இருக்கு!