மீன் சாண்ட்விச்சும் அந்தப் பாழாய்ப்போன 'ஆனா'வும்

அமெரிக்கச் சாப்பாட்டு விமர்சனங்களை மேய்கிற பழக்கம் இருப்பவர்களுக்கு இந்த டெம்ப்ளேட் மனப்பாடமாகியிருக்கும். கடை பார்க்க ஒண்ணுமே இல்லை, பெயர்ப்பலகையில் பாதி பல்பு எரியலை, நாற்காலி கிழிஞ்சிருக்கு... ஆனா அந்த மீன் சாண்ட்விச் இருக்கே, சான்ஸே இல்லை! ஊர் பிட்ஸ்பர்காக இருக்கும், இல்லாவிட்டால் பஃபலோவாகவோ மில்வாக்கியாகவோ இருக்கும். ஊர் மாறும், 'ஆனா' மட்டும் மாறாது. அதோடு 'யாருக்கும் தெரியாத ரகசிய இடம்' என்று ஒரு பட்டம் வேறு. யாருக்குத் தெரியாது சாமி? அந்தத் தெருக்காரர்கள் முப்பது வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பார் என்றதும் டாஸ்மாக்கை ஒட்டின தகரக் கொட்டகையும் பிளாஸ்டிக் டம்ளரும் கண்ணில் வந்தால், கொஞ்சம் தள்ளி வையுங்கள். இது வேறு ஜாதி. தெருமுனையில் ஒரு நீள மரக் கவுன்ட்டர், சத்தத்தைக் குறைத்து வைத்த டிவியில் பேஸ்பால், பின்பக்கம் ஒரு சின்னச் சமையலறை, அதில் ஒரு ஃப்ரையர். அவ்வளவுதான் சொத்து. வேலை முடிந்து வருகிறவர்களோடு பாட்டி, பேரன் என்று குடும்பமாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பிட்ஸ்பர்க் பாணி சாண்ட்விச்சில் பன் கையளவு, மீன் அதைவிட ரொம்பப் பெரிசு. காட் அல்லது வைட்டிங் மீன், இரண்டு பக்கமும் பன்னை விட்டு நீட்டிக்கொண்டு கிடக்கும். அங்கே மார்க்கெட் ஸ்கொயரில் 1870இல் தொடங்கிய ஒரிஜினல் ஆய்ஸ்டர் ஹவுஸ் இன்னும் இதைப் போட்டுக்கொண்டிருக்கிறது. கடலே இல்லாத ஊரில் மீனுக்கு இவ்வளவு மவுசு.

இந்த மவுசு அதிர்ஷ்டத்தில் வந்ததில்லை. 'ஆனா' ஆசாமிகள் கோட்டை விடுவது இங்கேதான். போலந்து, ஜெர்மனி, அயர்லாந்து, இத்தாலி என்று பல இடங்களிலிருந்து ஆலை வேலைக்கு வந்த கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமை மாமிசம் தொடமாட்டார்கள். ஆக, வாரம் ஒரு நாள் மீனுக்கு நிச்சயமான கிராக்கி. 1920இல் மதுவிலக்கு வந்ததும் விஸ்கான்சின் மாநிலத்தில் சாராயக் கடைக்காரர்கள் கதவைத் திறந்து வைக்கக் கையில் எடுத்த ஆயுதங்களில் ஒன்று இந்த வெள்ளிக்கிழமை மீன் வறுவல். 1933இல் பீர் திரும்பி வந்தது, மீன் போகவில்லை. 1966இல் அமெரிக்க ஆயர்கள் விதியைத் தளர்த்தி, தவக்காலத்து வெள்ளிகளில் மட்டும் கட்டாயம் என்றார்கள். அப்போதும் போகவில்லை!

மெக்டொனால்ட்ஸ் கதையும் இதே ரகம்தான். 1962இல் சின்சினாட்டியில் கத்தோலிக்கர்கள் நிறைந்த பேட்டையில் கடை வைத்திருந்த லூ க்ரோன், வெள்ளிக்கிழமை வியாபாரம் படுத்துவிடுகிறதே என்று மீன் சாண்ட்விச் செய்தார். தலைவர் ரே க்ராக்குக்கு அது பிடிக்கவில்லை. அவர் அன்னாசித் துண்டை வாட்டி பன்னுக்குள் வைத்து 'ஹூலா பர்கர்' என்றார் (கற்பனை செய்யாதீர்கள், பசி போய்விடும்). புனித வெள்ளியன்று இரண்டுக்கும் போட்டி. மீன் 350, அன்னாசி 6. மேலே உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியாதது தெருவுக்குத் தெரிந்திருந்தது.

சரி, பிரமாதமில்லாத கடையில் பிரமாதமான மீன் எப்படி? பி.காம். முதல் வருடக் காஸ்டிங் பாடமே போதும். வாடகை, மின்சாரம், கவுன்ட்டர் ஆளின் சம்பளம் எல்லாவற்றையும் பெரும்பாலும் பீர் சுமந்துவிடுகிறது. மீன் தன் சரக்குச் செலவையும் எண்ணெயையும் எடுத்து, மேலே கொஞ்சம் கொடுத்தால் போதும். அந்தத் தட்டு நிஜமாகச் செய்கிற வேலை, ஆளை இரண்டாவது பீர் வரை உட்கார வைப்பது. அதனால் கடைக்காரருக்கு மீனைச் சின்னதாக்கிக் காசு பார்க்கிற அவசரம் இல்லை. அலங்காரக் கடையிலோ விளக்கு, சுவர் ஓவியம், டிசைனர் கூலி எல்லாம் அதே மீன் தலையில்தான் விடியும். கிழிந்த நாற்காலி இந்தச் சாண்ட்விச்சின் குறை இல்லை, விலைப்பட்டியலில் வராத தள்ளுபடி.

இன்னொன்று எண்ணெய். சுமார் 180 டிகிரி செல்சியஸில் மீனைப் போட்டால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே தள்ளும். அது தள்ளுகிறவரை எண்ணெய் உள்ளே அதிகம் நுழையாது. சூடு இறங்கினால் மாவு எண்ணெயைக் குடித்துவிடும், பன் நனைந்து தொங்கும். மாவில் பீர் ஊற்றுவதும் பெருமைக்கு இல்லை. அதிலுள்ள வாயுவும் ஆல்கஹாலும் சீக்கிரம் பறந்துபோய் மேல்தோல் மொறுமொறுவென்று நிற்கும். ஐம்பது அயிட்டம் போடுகிற சமையலறையில் ஃப்ரையரை யார் பார்த்துக்கொண்டு நிற்பது? வெள்ளிக்கிழமை மீனையே முக்கிய வேலையாக வைத்திருக்கும் கடையில் ஒருத்தர் அதையேதான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

உடனே எதிர்முகாம் கிளம்பும்: அப்படியானால் அழுக்குக் கடைதான் உசத்தியா? அதுவும் பேத்தல்தான். அழுக்கு வேறு, எளிமை வேறு. சுகாதார இன்ஸ்பெக்டர் பார்ப்பது ஃப்ரிட்ஜின் குளிரையும் கை கழுவும் இடத்தையும், சுவரின் நிறத்தை இல்லை. பார் என்பதாலேயே சாண்ட்விச் நன்றாக இருந்துவிடுவதும் இல்லை. நியூயார்க்கில் 1896இல் வந்த ரெய்ன்ஸ் சட்டம், ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல்களில் சாப்பாட்டோடு மட்டும்தான் மது தரலாம் என்றது. சலூன்காரர்கள் மாடியில் பத்து அறை தடுத்து 'ஹோட்டல்' ஆனார்கள். ஒரே காய்ந்த சாண்ட்விச்சை மேசைக்கு மேசை நகர்த்தினார்கள், தின்பதற்கில்லை, சட்டத்துக்குக் காட்ட. சட்டத்துக்காகப் போட்ட சாண்ட்விச் அப்படித்தான் இருக்கும். அடுத்த வெள்ளியும் அதே முகங்கள் வரவேண்டும் என்று போடுவது வேறு மாதிரி இருக்கும்.

இவ்வளவு கோபம் ஒரு 'ஆனா'வுக்கா என்றால், ஆமாம், இதில் காசு இருக்கிறது. யெல்ப் 2004இல் வந்தது. ஹார்வர்டின் மைக்கேல் லூக்கா சியாட்டில் உணவகக் கணக்குகளை எடுத்து 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது. சங்கிலிக் கடைகளுக்கு இந்த விளைவு இல்லை, தனிக் கடைகளுக்குத்தான். அதாவது மெக்டொனால்ட்ஸை யார் என்ன திட்டினாலும் அதற்கு உறைக்காது. தெருமுனை பாருக்கு, மீன் அருமை என்று எழுதிவிட்டு 'சூழலுக்காக' ஒரு நட்சத்திரம் பிடுங்கினால், பிடுங்கியது கடைக்காரரின் வருடத்தில் ஒரு மாதக் கறிகாய்ச் செலவாக இருக்கலாம்.

பிட்ஸ்பர்க்கை ஒட்டிய ஹோம்ஸ்டெட் எஃகு ஆலை 1986இல் மூடப்பட்டது. ஷிஃப்ட் முடிந்து வரும் கூட்டம் அதோடு சரி. அப்படிப்பட்ட பேட்டைகளில் இன்றைக்கும் விளக்கெரிகிற பார் ஒன்று, நட்சத்திரத்துக்குப் பயந்து கடனை வாங்கி உள்ளே மாற்றினால் என்ன ஆகும்? மஞ்சள் பல்பு தொங்கும், மீன் மரப்பலகையில் வரும், பன்னுக்குள் அடங்கிப்போகிற அளவில் வரும், விலை இரண்டு மடங்காகும். பாட்டியும் பேரனும் வரமாட்டார்கள். பழைய விமர்சகர் வந்து, இடம் அருமை, ஆனா மீன்தான் முன்ன மாதிரி இல்லை என்று எழுதுவார். எழுதுவாரா மாட்டாரா?

எழுதத்தான் வேண்டுமென்றால் எழுத எவ்வளவோ இருக்கிறது. என்ன மீன், மாவு எவ்வளவு கனம், பன் நனைந்திருந்ததா, முட்டைக்கோஸ் சாலட் அன்றைக்கு நறுக்கியதா, ராத்திரி எத்தனை மணிக்கு மீன் தீர்ந்து பலகையில் அழித்தார்கள். எரியாத பல்பைப் பற்றி எழுத ரொம்ப ஆசையாக இருந்தால், எலக்ட்ரீஷியனுக்கு எழுதலாம்.