கருவி கூர்மை, நிரல் மழுக்கம்

வெட்டுக்கருவிகளுக்குப் பெயர்பெற்ற சாண்ட்விக் நிறுவனம் புனேயின் தாபோடியில் இயங்குகிறது. ஆனால் கருவி எத்துணைக் கூர்மையாயினும், அதை நடத்தும் சிஎன்சி நிரல் சீரற்றதாயின் பயனில்லை.

ஒரு வளைவை 0.1 மி.மீ. நேர்கோட்டுத் துண்டுகளாக்கி, நிமிடத்திற்கு 6000 மி.மீ. வேகம் கேட்டால், கன்ட்ரோலர் நொடிக்கு 1000 வரிகளைக் கையாள வேண்டும். இயலாதபோது வேகம் தடுமாறும்; பரப்பில் தழும்பு விழும். பழியோ இயந்திரத்தின் மீதும் இயக்குபவர் மீதும் விழும். வட்டவில்லாயின் ஜி02, ஜி03 கட்டளைகள் அதை ஓரிரு வரிகளில் முடித்துவிடும்.

நம் ஆய்வகங்களிலோ, திரையில் சிமுலேஷன் பிழையின்றி ஓடினால் மதிப்பெண் வழங்கிவிடுகிறோம். அது வடிவத்தைக் காட்டும். வேகத் தடுமாற்றத்தைப் பெரும்பாலும் காட்டாது. கட்டளையிட்ட வேகத்தையும் இயந்திரம் எட்டிய வேகத்தையும் மாணவர் ஒப்பிட்டு விளக்குவதே தேர்வாதல் வேண்டும்.