ஆர் பெரிய ஆள்?

தேத்தண்ணிக் கடையிலும் வட்ஸ்அப் குழுவிலும் நாங்கள் இன்னும் முடிக்காத வாக்குவாதம் ஒன்று இருக்கு: எல்லா விளையாட்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆர் பெரிய ஆள்? ஒருத்தர் மெஸ்ஸி என்பார், இன்னொருத்தர் போல்ட் என்பார், முரளியை விட்டுக்கொடுக்காத ஒருத்தர் கட்டாயம் இருப்பார். கடைசியில் சத்தம் கூடினவர்தான் வெல்லுவார்.

சத்தத்துக்குப் பதிலாக ஒரு அளவுகோல் வேணும். பதக்கக் கணக்கு சரிவராது. மைக்கல் பெல்ப்ஸிடம் 23 ஒலிம்பிக் தங்கம் இருக்கு, உண்மைதான். ஆனால் நீச்சலில் ஒரே ஆள் பல போட்டிகளில் இறங்கலாம்; 2008 பெய்ஜிங்கில் மட்டும் அவர் எட்டுத் தங்கம் வென்றார். குத்துச்சண்டைக்காரர் என்னதான் செய்தாலும் ஒரு ஒலிம்பிக்கில் ஒரு பதக்கம்தான்.

எங்களுக்கு நியாயமாகப் படுவது இதுதான்: தன்ர விளையாட்டில் அடுத்த ஆளைவிட ஒருவர் எவ்வளவு தூரம் முன்னுக்கு நிற்கிறார்? முரளியின் 800 டெஸ்ட் விக்கெட்டுக்கு அடுத்தது ஷேன் வோர்னின் 708. நல்ல இடைவெளி. ஆனால் டொன் பிரட்மனின் டெஸ்ட் சராசரி 99.94. அவருக்குப் பிறகு வந்த எத்தனையோ பெரிய வீரர்கள் 60ஐத் தொடவே மூச்சு வாங்கினார்கள்.

அப்ப பிரட்மன் எண்டு முடிச்சிடலாமா? அவசரப்படாதேங்கோ. எஸ்தர் வெர்கீர் எண்ட பேரை எங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறம்? நெதர்லாந்தின் சக்கர நாற்காலி டெனிஸ் வீராங்கனை. 2003 தொடக்கம் 2013இல் ஓய்வுபெறும் வரை ஒற்றையர் ஆட்டத்தில் தொடர்ச்சியாக 470 வெற்றி. பத்து வருசம் ஒருத்தரிடமும் தோற்கவில்லை. நாலு பராலிம்பிக்கில் ஒற்றையர் தங்கம். அடுத்த ஆளுக்கும் இவருக்கும் இடையில் உள்ள தூரத்தை நீங்களே யோசிச்சுப் பாருங்கோ.

"அதை விளையாடுற ஆக்களே கொஞ்சம்தானே?" எண்டு கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதையே பிரட்மனிடமும் கேட்போம். அவர் ஆடிய 52 டெஸ்டில் 37 இங்கிலாந்துக்கு எதிரானவை. அவுஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் தவிர வேறெந்த மண்ணிலும் அவர் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. அதுக்காக அவரை ஒருத்தரும் பட்டியலில் இருந்து வெட்டுவதில்லை. "கொஞ்சப் பேர்தான் விளையாடினவை" எண்ட கழிவு, சக்கர நாற்காலியில் இருக்கிற ஒரு பெண்ணின் பெயர் வரும்போது மட்டும் எங்கட நினைவுக்கு வருவது ஏன்?

இது வெறும் பொழுதுபோக்குக் கதை இல்லை. எங்கட வாயில் முதலில் வருகிற பெயர்கள் எல்லாம் தொலைக்காட்சியில் வருகிற ஆண்களின் பெயர்கள். பள்ளிக்கூட மைதானத்தின் நடுப்பகுதி பின்னேரம் ஆருக்கு, வலைப்பந்தாட்டம் பழகுற பிள்ளைகளுக்கு எந்த மூலை, நடக்க ஏலாத பிள்ளைக்கு அங்கே ஒரு இடமாவது இருக்கா என்பதையும் அதே பழக்கம்தான் தீர்மானிக்குது. ஆரை வீரர் எண்டு நினைக்கிறமோ, அவைக்குத்தான் இடம் விடுகிறம்.

எங்கட வாக்கு வெர்கீருக்கு. மறுக்கிறவை தாராளமாக வாங்கோ, கதைப்பம். சத்தத்தை வீட்டில் வச்சிட்டு, அளவுகோலோட வாங்கோ.