மழலையர் வகுப்புக்கு ஆண்களும் வரட்டும்

2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு அங்கன்வாடி மையங்களில் 7,783 காலியிடங்களை நிரப்ப அறிவிப்பு வந்தது. முதன்மை அங்கன்வாடிப் பணியாளருக்குத் தொடக்கத்தில் மாதம் 7,700 ரூபாய், குறு அங்கன்வாடிப் பணியாளருக்கு 5,700, உதவியாளருக்கு 4,100. ஓராண்டை முடித்தால் சிறப்புக் காலமுறை ஊதியம். பணியாளர் பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும். உள்ளூர் அல்லது பக்கத்து ஊரைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். பெண்ணாக இருக்க வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனையை யாரும் நின்று படிப்பதில்லை.

சம்பளத்தையும் அந்த நிபந்தனையையும் சேர்த்துப் படித்தால் ஒன்று துலங்கும். பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பெண்ணுக்குத் தானாக வருவது, அதற்குப் பெரிய பயிற்சியோ பெரிய சம்பளமோ வேண்டியதில்லை என்ற எண்ணம்தான் இரண்டுக்கும் அடியில் கிடக்கிறது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியபோது இந்தப் பெண்களுக்குத் தரப்பட்டது சம்பளம் அல்ல, மதிப்பூதியம். ஒன்றிய அரசின் பங்கு அரை நூற்றாண்டாக அந்தப் பெயரில்தான் வருகிறது. 2018-ல் உயர்த்திய பிறகு அது பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். மாநில அரசுகள் தம் பங்கைச் சேர்ப்பதால் தமிழ்நாட்டில் நிலைமை சற்று மேல். பணிக்கொடை பெறும் உரிமைக்குக்கூட அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய், 2022-ல்தான் வென்றார்கள்.

மழலையர் கல்வியில் ஆண்கள் ஏன் இல்லை என்று கேட்டால், “அவர்களுக்குப் பொறுமை கிடையாது” என்று பதில் வரும். நான் அதை ஏற்கவில்லை. ஜூன் மாதத்தில் ஏதாவதொரு நர்சரி பள்ளி வாசலில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். அழுது அடம்பிடிக்கும் குழந்தையை வேனிலிருந்து தூக்கி இறக்குபவர், மூக்கைத் துடைத்து, கழன்ற ஷூவை மாட்டி, தண்ணீர் பாட்டிலைத் தோளில் தொங்கவிட்டு, “மிஸ் இதோ வந்துட்டாங்க பாரு கண்ணு” என்று சமாதானம் சொல்லி உள்ளே ஒப்படைப்பவர் வேன் ஓட்டுநர்தான். தினமும் இருபது குழந்தைகளோடு பழகும் அந்த மனிதரை நாம் ‘வேன் அங்கிள்’ என்கிறோம். வாசலைத் தாண்டி உள்ளே அவரைப் போல ஒருவர் ஆசிரியராக இருக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை.

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஆண்களும் உண்டு. ஜெர்மனியில் பிளாங்கன்பர்க்கில் 1837-ல் சிறு குழந்தைகளுக்கான நிலையத்தைத் தொடங்கி, 1840-ல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் சூட்டியவர் ஃபிரடரிக் ஃபுரோபெல். இந்தியாவில் கிஜுபாய் பதேகா வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டு, 1920-ல் பாவ்நகரில் பால மந்திரைத் தொடங்கினார். குழந்தைகளுக்குக் கதை சொன்னார், பாடினார், நாடகம் நடத்தினார். தங்கள் பிள்ளைகளை அவரிடம் விட்ட குஜராத்திகள் அவரை ‘மீசை வைத்த அம்மா’ என்று அன்போடு அழைத்தார்கள். அவருடைய ‘பகல் கனவு’ தமிழிலும் வந்திருக்கிறது. நம் ஆசிரியர்கள் பலர் அதைப் படித்து நெகிழ்ந்திருக்கிறார்கள். ஆனால் பிளஸ் டூ முடித்த ஒரு பையன் அதைப் படித்துவிட்டு, நானும் இப்படி ஆக வேண்டும் என்று வந்தால், எந்த வாசலைக் காட்டுவோம்?

சிறு பிள்ளைகளுக்குக் கற்பிப்பதை நாம் எந்த இடத்தில் வைத்திருக்கிறோம் என்பது 2019-ல் வெளிப்பட்டது. அந்த ஆண்டு ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடிகளில் அரசே எல்கேஜி, யுகேஜி வகுப்புகளைத் தொடங்கியது. நல்ல முடிவு, ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் தனியார் நர்சரிக்கு ஈடான ஒரு தொடக்கம் கிடைக்க வழி பிறந்தது. ஆனால் உபரி இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பியபோது, இது பதவி இறக்கம் என்று ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. ‘எங்களுக்கு இந்த வயதுக் குழந்தைகளைக் கையாளப் பயிற்சி இல்லை’ என்றும் சொன்னார்கள், அது நியாயம். முதல் வாதத்தில்தான் என் மனம் நிற்கிறது. ஐந்தாம் வகுப்பிலிருந்து எல்கேஜிக்குப் போவது இறக்கம் என்றால், குழந்தையின் வயது குறையக் குறைய ஆசிரியரின் மதிப்பும் குறைகிறது என்று ஆகிறது. 2022-ல் அந்த ஆசிரியர்கள் தொடக்க வகுப்புகளுக்குத் திரும்பினார்கள். மழலையர் வகுப்புகளே மூடப்படும் என்ற நிலை வந்து, எதிர்ப்புக்குப் பிறகு தொடர்ந்தன. மாதம் 5,000 ரூபாயில் தற்காலிகச் சிறப்பாசிரியர்களைக் கொண்டு. அந்தத் தொகைக்கு ஆணும் வர மாட்டார். வரும் பெண்ணும் வேறு வழியில்லாமல்தான் வருகிறார்.

ஆண் ஆசிரியர் இருந்தால் பையன்கள் நன்றாகப் படிப்பார்கள் என்று சிலர் வாதிடுவதுண்டு. அதை உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. நான் அதை நம்பி இதை எழுதவில்லை. மூன்று வயதில் குழந்தை உலகத்தைக் கணக்கெடுக்கத் தொடங்குகிறது. முட்டை உரித்துத் தருவது, ஈரமான ஜட்டியை மாற்றிவிடுவது, எடை பார்த்துக் குறிப்பது, மடியில் சாய்த்துக் கதை சொல்வது எல்லாம் ஒரே பாலினத்தார் செய்வது என்று அதன் கணக்கில் ஏறிவிட்டால், பிறகு பாடப்புத்தகத்தில் சமத்துவம் என்று ஒரு பாடம் வைத்து என்ன பயன்? பெண் குழந்தைக்கும் இது பொருந்தும். அப்பா வளைகுடாவில் இருக்கும் வீடுகள் நிறைந்த ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

வெளிநாட்டு அனுபவம் நமக்கு இரண்டு விதமாக உதவும். வளர்ந்த நாடுகளிலும் பள்ளிக்கு முந்தைய வகுப்பு ஆசிரியர்களில் ஆண்கள் நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான். ஜப்பானில் 1977 வரை குழந்தைக் காப்பகப் பணியாளர் தகுதியை ஆண்கள் பெறவே முடியவில்லை. நார்வே 1990-களிலேயே இருபது விழுக்காட்டை இலக்காக வைத்தது. குழந்தைப் பராமரிப்பிலும் கற்பித்தலிலும் ஆண்களுக்கு ஓரளவு முன்னுரிமை தரலாம் என்று 1998-ல் விதியே கொண்டுவந்தது. தந்தையருக்கென்று தனி விடுப்பை 1993-லேயே கொடுத்த நாடு அது. மேல்வகுப்புப் பையன்களை மழலையர் பள்ளிகளுக்கு அனுப்பிக் குழந்தைகளோடு விளையாட வைத்துப் பழக்கும் ஏற்பாடும் அங்கே உண்டு. இவ்வளவு செய்தும் ஆண்கள் பத்து விழுக்காட்டைச் சுற்றித்தான் நிற்கிறார்கள். இலக்கை அறிவித்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

ஜெர்மனி வேறொன்றைக் காட்டியது. ஐரோப்பிய சமூக நிதியின் துணையோடு 2011 முதல் 2013 வரை ஆண்களை இந்தப் பணிக்கு ஈர்க்க 16 மாதிரித் திட்டங்களை நடத்தினார்கள். அப்போது அங்கே ஆண்கள் மூன்று விழுக்காடு அளவில் இருந்தார்கள். பத்தாண்டுகளில் அது எட்டை நெருங்கியது. 2013 ஆகஸ்டிலிருந்து ஒரு வயது நிறைந்த குழந்தைக்கும் பராமரிப்பு மையத்தில் இடம் பெறச் சட்ட உரிமை வந்து, புதிய பணியிடங்கள் பெருகியதும் இதற்கு முக்கியக் காரணம். வேறு தொழிலிலிருந்து வருகிறவர்கள் சம்பளத்தோடு பயிற்சி பெறும் வழிகளும் திறந்தன. குடும்பம் உள்ளவர் இரண்டு வருடம் வருமானமில்லாமல் படிக்க முடியாது என்பதைப் புரிந்துகொண்ட ஏற்பாடு அது.

இங்கே பெற்றோரின் முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றி இருக்காது. “சின்னப் பொண்ணுங்க இருக்கிற இடத்துல ஆம்பளையா?” என்பதுதான் அது. இந்த அச்சத்தைப் பிற்போக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. பள்ளிகளில் நடந்த கொடுமைகளைப் படித்துவிட்டுத்தான் அவர்கள் கேட்கிறார்கள். கல்வி நிறுவன ஊழியர் குழந்தையிடம் அத்துமீறினால் அதைக் கடுமை மிக்க குற்றமாகவே 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் தனியாக வகைப்படுத்துகிறது. பாலியல் வல்லுறவாக இருந்தால், 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தபட்சத் தண்டனை 20 ஆண்டுகள். ஆனால் தண்டனை என்பது நடந்த பிறகு வருவது. நடக்காமல் காப்பது கட்டடமும் நடைமுறையும்தான். எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு கதவு சாத்திய அறையில் தனியாக இருக்கக் கூடாது. கழிவறைப் பக்கம் இன்னொருவர் பார்வை படும்படி இருக்க வேண்டும். ஒரு வகுப்புக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். பணியில் சேரும் முன் காவல் துறைச் சரிபார்ப்பு, பெற்றோர் எந்த நேரமும் உள்ளே வந்து பார்க்கும் உரிமை, 1098 எண்ணைச் சுவரில் எழுதிவைப்பது என எல்லாமே ஆண், பெண், உதவியாளர், காவலாளி, வேன் ஓட்டுநர் அனைவருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ஆண்களை வெளியே நிறுத்திவிட்டால் பிள்ளைகள் பத்திரம் என்று நம்பிக்கொண்டு, இந்த ஏற்பாடுகளில் ஒன்றுகூட இல்லாமல் எத்தனை பள்ளிகள் நடக்கின்றன என்பதுதான் என் கவலை.

இன்னோர் எதிர்ப்பு இதைவிடக் கனமானது; அது பெண்களிடமிருந்து வர வேண்டிய எதிர்ப்பு. தமிழ்நாட்டில் 54,000-க்கும் அதிகமான அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. கணவரை இழந்தவர், கைவிடப்பட்டவர், ஊரை விட்டு வேலைக்குப் போக முடியாதவர் என்று எத்தனையோ பெண்களுக்கு இது கௌரவத்தோடு கிடைத்த ஒரே வேலை. பெண்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசமைப்புச் சட்டத்தின் 15(3) கூறு இடம் தருகிறது. அதை நல்லபடியாகப் பயன்படுத்திய இடங்களில் இது ஒன்று. இந்தப் பணியிடங்களில் ஒன்றைக்கூட ஆண்களுக்குப் பிரித்துக் கொடுக்க நான் சொல்லவில்லை. மழலையர் வகுப்புகளுக்கு ஆண்கள் வந்தால் அவர்கள் வேகமாக மேலே ஏறிப்போவதும் நடக்கும். செவிலியர், தொடக்கப் பள்ளி ஆசிரியர் போன்ற பணிகளில் சேரும் ஆண்கள் சக பெண்களைவிட வேகமாக மேற்பார்வைப் பதவிகளுக்குத் தள்ளப்படுவதை அமெரிக்கச் சமூகவியலாளர் கிறிஸ்டின் வில்லியம்ஸ் 1992-லேயே எழுதினார். எல்கேஜியில் சேர்ந்த இளைஞர் இரண்டே வருடத்தில் அலுவலக நாற்காலிக்குப் போய்விட்டால் குழந்தைகளுக்கு அவரால் பயனில்லை; அதே வகுப்பில் பதினைந்து வருடம் உழைத்த பெண்ணுக்கு அது அநீதி. பதவி உயர்வு பணிமூப்பின் அடிப்படையில் மட்டுமே என்பதை நியமன விதியிலேயே எழுதிவிட வேண்டும்.

ஆகவே தொடங்க வேண்டிய இடம் அங்கன்வாடி அல்ல. அரசுப் பள்ளிகளின் மழலையர் வகுப்புகள். தேசியக் கல்விக் கொள்கை 2020-ல் நமக்கு எத்தனையோ கருத்து வேறுபாடுகள் இருக்கலாம். மூன்று வயதிலிருந்து கல்வி தொடங்குகிறது என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்காது. அப்படியானால் அந்த 2,381 இடங்களிலும் நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கி, இடைநிலை ஆசிரியருக்கு நிகரான ஊதியம் கொடுக்க வேண்டும். இப்போது சிறப்பாசிரியராக இருக்கும் பெண்களுக்கு அதில் முதலுரிமை. அதன் பிறகு வரும் புதிய இடங்களுக்கு ஆண்களும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பில் வெளிப்படையாக எழுத வேண்டும். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் ஏற்கெனவே தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சி நடக்கிறது. இரண்டாண்டு மழலையர் கல்விப் பட்டயத்தையும் அங்கேயே உதவித்தொகையோடு நடத்தலாம். முதல் அணியில் மாவட்டத்துக்கு ஐந்து பையன்கள் வந்தாலே போதும், ஆனால் அந்த ஐந்து பேரையும் ஐந்து பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பிவிடாமல் இருவர், மூவராகச் சேர்த்து அனுப்புங்கள். ஊரே வேடிக்கை பார்க்கும் முதல் வருடத்தில் அவர்களுக்குப் பேச்சுத்துணை வேண்டும்.